சாம் ஹியூஸும் கனடாவின் தன்னார்வப் படையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரில் கனடா அனுப்பிய படையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அதைத் திரட்டிய அமைச்சரின் பெயர் வராமல் போகாது. அவரைப் புகழ்பவர்களும் ஏசுபவர்களும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சிகளைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதால், படிப்பவருக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பு. அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறோம்.

சாம் ஹியூஸ் யார்?

1911 அக்டோபர் முதல் 1916 நவம்பர் வரை, பிரதமர் ராபர்ட் போர்டனின் அமைச்சரவையில் மிலிஷியா (பகுதிநேரக் குடிமக்கள் படை) மற்றும் பாதுகாப்புத் துறையைக் கவனித்தவர். 1853இல் ஒண்டாரியோவில் ஒரு கிராமப்புறக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியராக வேலை பார்த்து, பிறகு டொராண்டோவுக்கு வடகிழக்கே உள்ள லிண்ட்சே என்ற ஊரில் ஒரு செய்தித்தாளை விலைக்கு வாங்கி நடத்தி, 1892இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பிரிட்டிஷ் முடியாட்சிக்கு விசுவாசமும் கத்தோலிக்க எதிர்ப்பும் கொண்ட புராட்டஸ்டண்ட் ஆரஞ்சு சங்கத்தில் ஊறியவர். இளமையிலிருந்தே பகுதிநேர மிலிஷியாவில் இருந்தவர் என்பதால், சம்பளத்துக்கு வேலை செய்யும் ராணுவ அதிகாரிகளைவிட உழவரும் கடைக்காரரும் ஆசிரியரும் துப்பாக்கி ஏந்தினால் மேலான வீரர்களாவார்கள் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போய், பிரிட்டிஷ் தளபதிகளைக் குறை கூறி எழுதிய கடிதங்கள் அச்சில் வந்துவிட, 1900இல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தப் போருக்காகத் தமக்கு, வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா சிலுவை கிடைத்திருக்க வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மனிதரின் குணத்தை அது ஓரளவு காட்டிவிடும்.

1914இல் கனடாவுக்குச் சொந்தமாக ராணுவம் இருக்கவில்லையா?

பெயருக்கு இருந்தது. நிரந்தரப் படையில் சுமார் 3,000 பேர். அதற்கு வெளியே, ஆண்டுக்குச் சில நாள் பயிற்சி பெறும் மிலிஷியாவில் 70,000 பேருக்கு மேல் பதிவாகியிருந்தார்கள். 1914 ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் போர் அறிவித்ததும் பேரரசின் பகுதியான கனடாவும் சட்டப்படி போரில் இறங்கியதாகிவிட்டது; ஆனால் எத்தனை பேரை, எப்படி அனுப்புவது என்பதைக் கனடாவே முடிவு செய்யலாம். முதலில் 25,000 பேர் கொண்ட படை ஒன்றைத் தர, தலைநகர் ஒட்டாவாவில் இருந்த அரசு முன்வந்தது.

போர் அறிவிப்புக்கு முந்தைய நாள் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி பலருக்குத் தெரியாது. பிரிட்டன் போரில் இறங்காமல் ஒதுங்கிக்கொள்ளப் போகிறது என்று எண்ணிக் கொதித்துப்போன ஹியூஸ், தம் தலைமையகத்தின் மேல் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கச் சொன்னார். உடனிருந்த அதிகாரிகள் சமாதானப்படுத்திய பிறகுதான் கொடி மறுபடி ஏறியது.

படை திரட்டத் தயார்த் திட்டம் ஒன்று இருந்ததாமே? அதை ஏன் அவர் கைவிட்டார்?

இருந்தது. வில்லோபி குவாட்கின் என்ற பிரிட்டிஷ் அதிகாரி போருக்குச் சில ஆண்டுகள் முன்பே அதை வகுத்திருந்தார். நாடு ராணுவ வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வட்டாரமும் தன் பங்குக்கான ஆட்களைத் தன் எல்லைக்குள்ளேயே சேர்த்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, உடுப்பும் ஆயுதமும் கொடுத்து, அதன் பிறகே அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மெதுவானது, ஆனால் பொறுப்பு யாருடையது என்று தெளிவாகச் சொன்னது.

ஹியூஸ் அதை ஒதுக்கிவிட்டு, 226 மிலிஷியா அணிகளின் தலைவர்களுக்கு இரவோடிரவாக நேரடியாகத் தந்தி அனுப்பினார். வட்டார அதிகாரிகள் யாரும் இடையில் இல்லை. ஸ்காட்லாந்து மலைக்குடிகள் போருக்குத் திரள, ஊருக்கு ஊர் எரியும் சிலுவையைக் கொண்டு ஓடிய பழைய வழக்கத்தோடு அவரே பின்னர் இதை ஒப்பிட்டுப் பெருமைப்பட்டார். தந்தி கிடைத்தவர்களுக்கு உற்சாகம் பொங்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் எத்தனை பேரைச் சேர்ப்பது, அவர்களுக்கு யார் சாப்பாடு போடுவது, ரயில் செலவு எந்தக் கணக்கில் வரும் என்ற கேள்விகளெல்லாம் ஒட்டாவாவிலிருந்து அடுத்தடுத்து மாறி வந்த உத்தரவுகளுக்குள் சிக்கிக்கொண்டன. பழைய திட்டத்தைப் பின்பற்றியிருந்தால் ஆள் வராமல் போயிருப்பார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அந்த ஆகஸ்டில், பொருளாதார மந்தத்தால் வேலையின்றி நின்ற இளைஞர்களும் பிரிட்டனில் பிறந்து கனடாவில் குடியேறியவர்களும் எந்த அழைப்புக்கும் ஓடி வரும் நிலையில்தான் இருந்தார்கள். முதல் படைத்தொகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிரிட்டனில் பிறந்தவர்கள்.

வால்கார்ட்டியே முகாமைச் சாதனை என்று சொல்வது சரியா?

சரிதான், அதை மறுக்க வேண்டியதில்லை. கியூபெக் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜாக் கார்ட்டியே ஆற்றோரம் இருந்த மணற்பாங்கான வயல்களும் புதர்களும் ஒரு மாதத்துக்குள் 30,000க்கும் மேற்பட்டவர்கள் தங்கும் கூடார நகரமாயின. ரயில் பாதை வந்தது, குடிநீர்க் குழாய் வந்தது, மின்விளக்கும் தொலைபேசியும் வந்தன. 1,500 இலக்குகளை வரிசையாக நட்டு, சில மைல் நீளத்துக்குச் சுடுதளம் அமைத்தார்கள். வேலையை மேற்பார்த்தவர் கியூபெக்கின் பெரிய மரவணிகரான வில்லியம் பிரைஸ்.

அங்கே பயிற்சி எப்படி நடந்தது என்பது வேறு கதை. அமைச்சர் சீருடையணிந்து குதிரையில் முகாமைச் சுற்றி வருவார். கண்ணில் பட்ட அதிகாரியைப் படைவீரர்கள் எதிரிலேயே திட்டுவார். மனதுக்குப் பிடித்துவிட்டால் அந்த இடத்திலேயே பதவி உயர்வு கொடுப்பார். அணிகளின் அமைப்பும் தலைமையும் நாளொரு விதமாக மாறிக்கொண்டிருந்தன. தலைமுறைகளாகப் பெயரும் கொடியும் வைத்திருந்த மிலிஷியா அணிகள் கலைக்கப்பட்டு, அந்த ஆட்கள் வெறும் எண் கொண்ட புதிய பெட்டாலியன்களில் (ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகளில்) சேர்க்கப்பட்டார்கள். கப்பலேற்றும் நாட்களில் ஆட்கள் ஒரு கப்பலிலும் அவர்களுடைய வண்டிகளும் தளவாடங்களும் வேறு கப்பலிலுமாகப் போயின.

ஆனாலும் 1914 அக்டோபர் 3ஆம் நாள், சுமார் 30 கப்பல்களில் 31,000 பேரும் 7,000க்கும் அதிகமான குதிரைகளும் காஸ்பே விரிகுடாவிலிருந்து புறப்பட்டு, அக்டோபர் 14இல் இங்கிலாந்தின் பிளிமத்தை அடைந்தார்கள். போர் தொடங்கி எழுபதே நாளில் இது நடந்தது. அதற்குப் பிறகு சாலிஸ்பரி சமவெளியின் சேற்றில் கழிந்த குளிர்காலத்தில், 123 நாட்களில் 89 நாள் மழை பெய்தது. கனடாவிலிருந்து கொண்டுபோன பூட்சுகள் அந்த ஈரத்தில் பிய்ந்து போயின. அது பிறகு நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை சென்றது.

சேர்ந்தவர்களுக்கு என்ன சம்பளம்? யார் வேண்டுமானாலும் சேர முடிந்ததா?

சாதாரணப் படைவீரருக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் சம்பளமும் பத்து சென்ட் களப்படியும் கிடைத்தன. பிரிட்டிஷ் வீரர் பெற்றுக்கொண்டிருந்த ஒரு ஷில்லிங்கைப் போல இது நான்கு மடங்குக்கு மேல். மனைவியிடமிருந்து எழுத்து மூலம் சம்மதம் வாங்கி வந்தால்தான் திருமணமானவரைச் சேர்ப்பது என்ற விதி 1915 ஆகஸ்ட் வரை இருந்தது. அதைப் பயன்படுத்திக் கணவரை மீட்டு வந்த பெண்களும் உண்டு.

யார் வேண்டுமானாலும் என்பதற்கு விடை, இல்லை. நிறத்தைக் காட்டி யாரையும் தடுக்கும் விதி கிடையாது என்று அமைச்சகம் சொல்லிக்கொண்டது. ஆனால் யாரை எடுப்பது என்பதை அந்தந்தப் பெட்டாலியன் தலைவரின் விருப்பத்துக்கு விட்டிருந்ததால், கறுப்பினத்தவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். இரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1916 ஜூலையில்தான் நோவா ஸ்கோஷியாவில் அவர்களுக்கென்று இரண்டாம் எண் கட்டுமானப் பெட்டாலியன் தொடங்கப்பட்டது. அவர்கள் கையில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது கோடரியும் ரம்பமும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் எடுத்துக்கொள்ளப்படாத ஜப்பானியக் குடியேறிகள் ஆல்பர்ட்டா வரை பயணம் செய்து சேர்ந்தார்கள். கோமகதா மாரு கப்பலில் வந்த பஞ்சாபியர்களை வான்கூவர் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பியது 1914 ஜூலை 23ஆம் நாள் என்பதையும், அதற்கு இரண்டு வாரத்துக்குள் பேரரசின் பெயரால் படைத்திரட்டல் தொடங்கியது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ரோஸ் துப்பாக்கியில் என்ன பழுது? ஹியூஸ் ஏன் அதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஹியூஸைப் பற்றிய சண்டையில் பாதி இதில்தான் இருக்கிறது.

போயர் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் போதிய அளவில் கிடைக்காமல், அதைக் கனடாவிலேயே செய்ய உரிமமும் கிடைக்காமல் போனபோது, சர் சார்லஸ் ரோஸ் என்ற ஸ்காட்லாந்துச் செல்வந்தர் தாம் வடிவமைத்த துப்பாக்கியைக் கியூபெக் நகரத்திலேயே தயாரித்துத் தர முன்வந்தார். சொந்த மண்ணில் சொந்தத் துப்பாக்கி என்ற எண்ணம் ஹியூஸுக்குப் பிடித்துப்போயிற்று. குறி தவறாத துப்பாக்கிதான் அது. சுடும் போட்டிகளில் பரிசுகளை அள்ளியது. போட்டி மைதானத்தில் துப்பாக்கியைத் துடைத்து வைக்க நேரம் உண்டு, தேர்ந்தெடுத்த தோட்டாக்களும் உண்டு. அகழியில் இரண்டும் கிடையாது.

அதன் தோட்டா அறை மிகவும் இறுக்கமானது. அவசரமாகச் செய்யப்பட்ட பிரிட்டிஷ் தோட்டாக்கள் இம்மியளவு பருத்திருந்தாலும், சுட்டுச் சுட்டுக் குழல் சூடேறியதும் வெற்றுறை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். கைப்பிடியை நேராகப் பின்னுக்கு இழுக்கும் அமைப்பு என்பதால், திருகித் தளர்த்தும் லீ-என்ஃபீல்டில் கிடைக்கும் பிடி இதில் கிடைக்காது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில், ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பிறகு நடந்த சண்டையில், படைவீரர்கள் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, பூட்ஸ் குதிகாலால் அந்தக் கைப்பிடியை உதைத்துத் திறக்க வேண்டியதாயிற்று; மண்வெட்டிக் காம்பால் அடித்துத் திறந்தவர்களும் இருந்தார்கள். துப்பாக்கியின் முனையில் செருகிய கத்தி, சுடும்போதே கழன்று விழுந்தது. அந்தச் சண்டையில் தப்பிய 5,000 பேரில் 1,452 பேர் தங்கள் ரோஸை எறிந்துவிட்டு, இறந்து கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டைக் கையில் எடுத்திருந்தார்கள் என்று கணக்கெடுப்பில் தெரிந்தது. அறிக்கை எழுதுவதற்கு முன்பே அவர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்றுதான் இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

1915 ஜூனில், பல பெட்டாலியன்கள் சேர்ந்த பெரும்படைப் பிரிவான முதல் டிவிஷனுக்கு லீ-என்ஃபீல்டு கொடுக்கப்பட்டது. பின்னால் வந்த டிவிஷன்கள் ரோஸோடுதான் வந்தன. தோட்டா அறையை அகலப்படுத்திப் பழுது பார்த்தும் நம்பிக்கை திரும்பவில்லை. குறைகளைப் பட்டியலிட்டு மேலிடத்துக்கு எழுதிய, போர்முனையில் கனடியப் படையின் தளபதியான ஆல்டர்சனை, துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் அறியாதவர் என்று ஏளனம் செய்து ஹியூஸ் எழுதிய கடிதத்தின் படிகள் ஆல்டர்சனின் கீழிருந்த அதிகாரிகளுக்கே அனுப்பப்பட்டன. 1916 மே மாதம் ஆல்டர்சன் பதவி இழந்தார். பெல்ஜியத்தின் சேன் எலுவாவில் கனடியப் படைக்கு ஏற்பட்ட தோல்வியும் அதற்கு ஒரு காரணம். ஆகஸ்டுக்குள் ரோஸ் துப்பாக்கி போர்முனையிலிருந்து முழுமையாக விலக்கப்பட்டது. தொலைவிலிருந்து பொறுமையாகக் குறிபார்க்கும் மறைசுடுநர்கள் மட்டும் அதை விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஒஜிப்வே குடியைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகமகபோ அவர்களில் பேர் பெற்றவர்.

ஓட்டை போட்ட மண்வெட்டி என்று கேலி பேசுகிறார்களே, அது உண்மையா?

உண்மை. ஹியூஸின் செயலாளர் ஈனா மக்காடம் பெயரில் 1913இல் காப்புரிமை பெற்ற கருவி அது. மண்வெட்டியாகவும் குண்டு துளைக்காத கவசமாகவும் ஒருங்கே பயன்பட வேண்டும் என்பதற்காகத் தகட்டின் நடுவில் துப்பாக்கிக் குழல் நுழையும் துளை விட்டிருந்தார்கள். மண்ணை அள்ளினால் துளை வழியே கொட்டியது. தகடு குண்டைத் தடுக்கும் அளவுக்குத் தடிமனாகவும் இல்லை, தூக்கி நடக்கும் அளவுக்கு இலேசாகவும் இல்லை. 25,000 வாங்கினார்கள். கடைசியில் பழைய இரும்புக்காரருக்குப் போட்டு 1,400 டாலர் தேற்றினார்கள்.

நூற்றுக்கணக்கில் பெட்டாலியன் எழுப்பியவர், போர்முனைக்கு ஏன் அவற்றை அனுப்ப முடியவில்லை?

1916 புத்தாண்டுச் செய்தியில் போர்டன் ஐந்து லட்சம் பேரைத் தருவதாக அறிவித்தார். எண்பது லட்சம் மக்கள்தொகைகூட எட்டாத நாட்டுக்கு அது மிகப் பெரிய எண். ஆள் சேர்க்கும் பொறுப்பை ஹியூஸ் அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்படைத்தார். செல்வாக்குள்ள வழக்கறிஞரோ வணிகரோ நாடாளுமன்ற உறுப்பினரோ கர்னல் பட்டம் பெற்று, சொந்த ஊர்ப் பெயரில் ஒரு பெட்டாலியனை எழுப்பலாம். விளையாட்டு வீரர்களுக்கு ஒன்று, குள்ளமானவர்களுக்கு ஒன்று, அமெரிக்கர்களுக்கு ஒன்று என்று எண்ணிக்கை 260 வரை சென்றது. தெருமுனைக் கூட்டம், பேண்டு வாத்தியம், பாதிரியாரின் பிரசங்கம், பெண்களின் குத்தல் பேச்சு எல்லாம் சேர்ந்து, ஆண்டின் தொடக்க மாதங்களில் மாதத்துக்கு ஏறத்தாழ 30,000 பேரைக் கொண்டுவந்தன.

பிரான்சில் இருந்த நான்கு டிவிஷன்களுக்குத் தேவைப்பட்ட காலாட்படைப் பெட்டாலியன்கள் 48தான். அங்கே நாள்தோறும் விழுந்துகொண்டிருந்தவர்களின் இடத்தை நிரப்ப ஆள் வேண்டியிருந்ததே தவிர, புதுப் பெட்டாலியன் வேண்டியிருக்கவில்லை. ஆகவே இங்கிலாந்தில் கரையேறியதும் பெரும்பாலான பெட்டாலியன்கள் உடைக்கப்பட்டு, ஒரே தெருவில் வளர்ந்து ஒன்றாகச் சேர்ந்த பையன்கள் திசைக்கொருவராகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். சேர்ந்தே சண்டையிடுவீர்கள் என்று ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்த கர்னல்கள் பலர் படையில்லாத கர்னல்களாக லண்டன் ஹோட்டல்களில் தங்கி, அமைச்சருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹியூஸைக் குறித்து நமக்கு இருக்கும் முதன்மையான மனக்குறை இதுவே. துப்பாக்கி விஷயத்தில் அவர் பிடிவாதத்தால் தவறினார் என்று சொல்லலாம்; இங்கே நிறைவேற்ற முடியாத வாக்குறுதியை அடிப்படையாக வைத்து ஆள் சேர்த்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் மாதச் சேர்க்கை 6,000 அளவுக்குச் சுருங்கியதற்கு, ஊருக்கு வந்த கடிதங்களும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

கியூபெக்கின் பிரெஞ்சு மக்கள் ஒதுங்கியதற்கு அவர்தான் காரணமா?

முழுக் காரணமும் அவரல்லர். ஒண்டாரியோ பள்ளிகளில் பிரெஞ்சு மொழிக்குக் கட்டுப்பாடு விதித்த 17ஆம் ஒழுங்குவிதி 1912இலேயே வந்துவிட்டது. தங்கள் மொழியைப் பள்ளியில் அனுமதிக்காத மாகாணத்தோடு சேர்ந்து பிரான்சுக்காகப் போரிடச் சொல்கிறார்களே என்ற கேள்வி கியூபெக்கில் வலுவாக இருந்தது. ஆனால் எரிகிற தீயில் ஹியூஸ் எண்ணெய் ஊற்றினார். முதல் படைத்தொகுதியில் பிரெஞ்சு பேசுவோர் பல அணிகளில் சிதறடிக்கப்பட்டார்கள். பலர் மன்றாடிய பிறகே 1914 அக்டோபரில் அவர்களுக்கென 22ஆம் பெட்டாலியன் கிடைத்தது. அனுபவம் மிக்க பிரெஞ்சு மொழித் தளபதி லெசார்டுக்கு வெளிநாட்டில் ஒரு பதவியும் தரப்படவில்லை. கத்தோலிக்கக் கியூபெக்கில் ஆள்சேர்ப்பைக் கவனிக்க ஒரு புராட்டஸ்டண்ட் பாதிரியார் அமர்த்தப்பட்டார். அதற்கு விளக்கம் சொல்வது எளிதல்ல.

ஊழல் செய்தாரா?

தம் பைக்குள் பணம் போட்டுக்கொண்டார் என்று நிறுவப்படவில்லை. நண்பர்களை நம்பினார், அவர்கள் போட்டுக்கொண்டார்கள். பீரங்கிக் குண்டு தயாரிக்க 1914இல் அவர் அமைத்த குழுவின் ஒப்பந்தங்கள் தாமதமும் தரகுமாக நாற, 1915 நவம்பரில் ஜோசஃப் ஃபிளவெல் தலைமையில் புதிய வாரியம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 1916இல் எதிர்க்கட்சி கிளப்பிய புகாரின் பேரில் அமைந்த விசாரணை ஆணையம், ஹியூஸை விடுவித்து, அவருடைய நெருங்கிய நண்பரும் கௌரவக் கர்னலுமான ஜான் வெஸ்லி அலிசனைக் கண்டித்தது. அலிசனின் பட்டம் பறிபோயிற்று. அதற்குப் பிறகும் ஹியூஸ் அவரை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை.

கனடியப் படையைப் பிரித்துப் பிரிட்டிஷ் அணிகளில் சிதறடிக்க நினைத்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரை எதிர்த்து நின்றார் என்ற கதை?

ஹியூஸின் ஆதரவாளர்கள் விரும்பிச் சொல்லும் கதை. இருவருக்கும் இடையே நேருக்கு நேர் நடந்ததாகச் சொல்லப்படும் அந்த உரையாடல் அப்படியே நடந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். கனடியர்கள் ஒன்றாகவே போரிட வேண்டும் என்று அவர் விடாமல் வலியுறுத்தினார் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.

இவ்வளவு நடந்தும் போர்டன் அவரை ஏன் ஐந்து ஆண்டு வைத்திருந்தார்? எப்போது நீக்கினார்?

கட்சிக்குள் போர்டனின் தலைமை ஆட்டம் கண்ட நாட்களில் ஹியூஸ் அவர் பக்கம் நின்றவர். ஒண்டாரியோவின் ஆரஞ்சு வாக்குகளும் அவரிடம் இருந்தன. ஹியூஸ் பாதி நேரம் திறமையான, நியாயமான சகாவாகவும், இன்னும் சில நேரம் கட்டுக்கடங்காதவராகவும், மீதி நேரம் மனநிலை சரியில்லையோ என்று எண்ணும்படியும் நடந்துகொண்டதாகப் போர்டன் பிற்காலத்தில் எழுதினார். அந்தப் பாதி நேரத்துக்காகத்தான் பொறுத்துக்கொண்டார் போலும்.

பொறுமை உடைந்தது இங்கிலாந்து நிர்வாகத்தில். அங்கே கனடியப் படையின் பொறுப்பு ஜான் கார்சன், மெக்டூகல், சாம் ஸ்டீல் என்று பலரிடம் பிரிந்து கிடந்தது. ஒவ்வொருவரும் தாமே தலைவர் என்று நம்பும்படி ஹியூஸ் வைத்திருந்தார். 1916இல் அதைச் சீராக்க அனுப்பப்பட்ட ஹியூஸ், அமைச்சரவையின் ஒப்புதல் இல்லாமல் தாமாகவே ஒரு துணைக் குழுவை அமைத்தார். அந்தச் செய்தியைப் போர்டன் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார். அக்டோபர் இறுதியில், வெளிநாட்டுப் படைகளுக்கென்று தனி அமைச்சகம் ஒன்றை லண்டனிலேயே ஏற்படுத்தி, ஜார்ஜ் பெர்லியிடம் கொடுத்தார். பிரதமரைப் பொய்யர் என்று சொல்லாமல் சொல்லும் கடிதம் ஒன்றை நவம்பர் 1ஆம் நாள் ஹியூஸ் எழுத, 9ஆம் நாள் போர்டன் ராஜினாமாவைக் கேட்டார்; 11ஆம் நாள் அது வந்து சேர்ந்தது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு பிரான்சில் உள்ள விமி மேட்டை நான்கு கனடிய டிவிஷன்களும் ஒன்றாகச் சேர்ந்து பிடித்தன. அந்தப் படையில் பலர் ஹியூஸின் தந்திக்கு ஓடி வந்தவர்கள். அவர்கள் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு. அவர்களைப் பயிற்றுவித்தவர்கள் ஆல்டர்சனுக்குப் பின் வந்த தளபதி பிங்கும் டிவிஷன் தளபதி கர்ரியும். போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கனடியப் படையில் சேர்ந்தார்கள், சுமார் 60,000 பேர் மாண்டார்கள். தன்னார்வச் சேர்க்கை வற்றியதால் 1917இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து 1918 ஈஸ்டர் நாட்களில் கியூபெக் நகரத்தில் நடந்த கலவரத்தில் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள்.

பதவி போன பிறகு என்ன செய்தார்?

சாதாரண உறுப்பினராக நாடாளுமன்றத்தில் தொடர்ந்தார். தம் மகன் கார்னெட்டுக்குப் போர்முனையில் டிவிஷன் தலைமை தர மறுத்த, பிங்குக்குப் பின் கனடியப் படையின் தளபதியான ஆர்தர் கர்ரி மீது அவருக்கு ஆறாத கோபம் இருந்தது. போர் நிறுத்தத்துக்கு முந்தைய மணி நேரங்களில் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரைப் பிடிக்கும் புகழாசையில் வீரர்களைப் பலி கொடுத்தார் என்று 1919 மார்ச்சில், அவதூறு வழக்குப் போட முடியாத நாடாளுமன்றத்துக்குள் நின்று கர்ரியைக் குற்றம் சாட்டினார். கர்ரியை வளர்த்துவிட்டவர்களில் ஹியூஸும் ஒருவர். 1921 ஆகஸ்டில் லிண்ட்சேயில் ஹியூஸ் இறந்தார். அதே குற்றச்சாட்டை 1927இல் ஒண்டாரியோவின் ஒரு சிற்றூர்ச் செய்தித்தாள் மீண்டும் அச்சிட, கர்ரி 50,000 டாலர் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 1928இல் கோபர்க் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. தீர்ப்பு கர்ரியின் பக்கம் வந்தது, கிடைத்தது 500 டாலர்.